80 நாள் நெடுநடையைப் படமாக்க எந்தக் கேமராவை, எவ்வளவு மின்சாரத்தைச் சுமப்பது?

நெடுவழியன்

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாக நடந்து கடக்க முடிவு செய்திருக்கிறேன். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்று கொண்டால் 80 நடைநாட்கள் ஆகும். ஐந்து அல்லது ஆறு நாட்களுக்கு ஒருமுறைதான் வழியில் ஊர் வரும், மின்சாரமும் அங்கே மட்டுமே கிடைக்கும். திரும்பி வந்த பிறகு இந்தப் பயணத்தை ஒன்றரை மணி நேர ஆவணப்படமாகத் தொகுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நடைப்பயணத்தில் ஓரளவு அனுபவம் உண்டு என்றாலும் நடந்துகொண்டே தொடர்ந்து படமெடுத்த அனுபவம் இல்லை.

நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது. சோனி ஏ6700 கேமரா மின்கலத்துடன் 493 கிராம். அதற்கு 18-50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஏறத்தாழ 290 கிராம். தொலைவில் இருக்கும் விலங்குகளுக்காக 70-350 லென்ஸ், 625 கிராம். நடுக்கமில்லாத காட்சிகளுக்கு ஒரு ஜிம்பல், ஏறத்தாழ 800 கிராம். 249 கிராம் எடையுள்ள சிறிய டிரோன். அதன் இயக்குபெட்டியையும் கூடுதல் மின்கலங்களையும் சேர்த்தால் அதுவும் 800 கிராமை எட்டுகிறது. முக்காலி 1.2 கிலோ. கேமராவுக்கு மூன்று கூடுதல் மின்கலங்கள் 250 கிராம், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 350 கிராம், சிறிய மைக் 100 கிராம். மொத்தம் 4.9 கிலோவுக்கு வருகிறது. கூடாரமும் உறக்கப் பையும் சேர்ந்தே இவ்வளவு எடை இல்லை என்பதால் எங்கோ தவறு செய்கிறேன் என்று தோன்றுகிறது. எதை விடுவது, எதை விடக்கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுமைக்கணக்கு

நண்பரே, எடையைத் துல்லியமாகக் கூட்டியிருக்கிறீர்கள். ஆனால் மின்சாரத்தைக் கணக்கிடவில்லை. நெடுநடையில் எந்தக் கேமரா வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது படத்தின் தரமோ எடையோ அல்ல, இரண்டு ஊர்களுக்கு நடுவே உங்களிடம் எத்தனை வாட்மணி (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கத் தேவையான மின்சாரம்) இருக்கிறது என்பதுதான். முதலில் அதைப் பார்ப்போம்.

20,000 எம்ஏஎச் என்று பவர் பேங்கின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலங்களுக்கு உரிய எண். அதை வாட்மணியாக மாற்றினால் 74 வரும். அந்த 74-உம் உங்கள் கருவிகளுக்குள் போய்ச் சேர்வதில்லை. மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது, கருவியின் மின்கலம் நிரம்பும்போது இன்னொரு பங்கு போகிறது. பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏமாற மாட்டீர்கள். அப்படிப் பார்த்தால் 52 வாட்மணி.

இனிச் செலவு. வரைபடம் பார்ப்பதற்கும் குறிப்பு எழுதுவதற்கும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்திருந்தாலும் நாளொன்றுக்கு 6 முதல் 8 வாட்மணி போகும். தலைவிளக்கு, செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி ஆகியவற்றுக்கு 1 அல்லது 2. உங்கள் பெரிய கேமராவுக்குப் பதிலாக, நடந்துகொண்டே எடுக்க ஏற்ற உள்ளங்கை அளவு ஆக்‌ஷன் கேமராவை வைத்துக்கொள்வோம். ஆக்‌ஷன் கேமராவில் 25 நிமிடம் பதிவு செய்து, பதிவானதைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் 4. கூட்டினால் நாளுக்கு 12, ஆறு நாட்களுக்கு 72. ஊரிலிருந்து புறப்படும்போது கைப்பேசியில் 15 வாட்மணியும், ஒவ்வொன்றும் 6.6 வாட்மணி கொள்ளும் மூன்று கேமரா மின்கலங்களில் 20 வாட்மணியும் நிரம்பியிருக்கும். மீதி 37 வாட்மணியைப் பவர் பேங்க் தர வேண்டும். அது 52 தரும். மழையாலோ காய்ச்சலாலோ ஒரு நாள் தாமதமானாலும் தாங்கிக்கொள்ளலாம்.

இதே கணக்கில் உங்கள் பட்டியலை வைத்துப் பாருங்கள். ஏ6700-இன் மின்கலம் ஒன்று 16.4 வாட்மணி. அதை ஒருமுறை நிரப்பப் பவர் பேங்கிலிருந்து 23 வாட்மணி செலவாகும், ஆகவே மூன்று முறை நிரப்பினால் பவர் பேங்கே தீர்ந்துவிடும். டிரோனின் மின்கலம் ஏறத்தாழ 19 வாட்மணி. ஒருமுறை அரை மணி நேரம் பறக்கவிடுவதற்கான மின்சாரத்தில் உங்கள் கைப்பேசி இரண்டரை நாள் உயிரோடு இருக்கும். ஜிம்பலுக்கும் தனியாக மின்சாரம் வேண்டும். இவற்றையெல்லாம் ஆறு நாள் இயக்க இரண்டு பவர் பேங்குகள்கூடப் போதாது. ஆகவே நீங்கள் 4.9 கிலோ என்று நினைத்தது உண்மையில் 5.5 கிலோவைத் தாண்டும்.

சூரியத் தகட்டைப் பற்றி யாரேனும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பையின் முதுகில் தகட்டை மாட்டிக்கொண்டு நடந்தால், மரநிழலும் மேகமும் நாம் திரும்பும் திசையும் சேர்ந்து அதன் அறிவிக்கப்பட்ட திறனில் ஒரு சிறு பகுதியையே விட்டுவைக்கின்றன. மரமற்ற பாலை நிலத்திலோ நெடுநேரம் ஓரிடத்தில் தங்கும் பயணத்திலோ அது பயன்படும். காட்டுப்பாதையில் அதே எடைக்கு இன்னொரு பவர் பேங்க் எடுத்துக்கொள்வதே மேல்.

அதைவிட முக்கியமான ஒன்று, பவர் பேங்க் எவ்வளவு விரைவாக மின்சாரம் தருகிறது என்பதைவிட எவ்வளவு விரைவாக வாங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். 18 வாட்டில் நிரம்பும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்குக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வேண்டும். பழைய 10 வாட் வகைக்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும். ஊரில் நான்கு மணி நேரம் மட்டும் தங்கிப் பொருள் வாங்கிக்கொண்டு புறப்பட நினைத்த நான், பாதி நிரம்பிய பவர் பேங்குக்காக ஒரு நாளை இழந்திருக்கிறேன். குறைந்தது 30 வாட் தரும் இரட்டைத் துளைச் சார்ஜரும், அதற்கு இணையான வேகத்தில் நிரம்பும் பவர் பேங்கும், எல்லாக் கருவிக்கும் பொதுவாக யூஎஸ்பி-சி கேபிள்கள் இரண்டும் போதும். கேபிள் ஒன்றாக இருக்கக்கூடாது. அது அறுந்தால் மற்ற எல்லாமே வெறும் எடையாகிவிடும்.

விமானத்தில் போகிறீர்கள் என்றால், 100 வாட்மணிக்கு உட்பட்ட பவர் பேங்குகளைக் கைப்பையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். சரக்கில் போடும் பெட்டிக்குள் எந்த அளவிலும் வைக்க அனுமதி இல்லை.

ஒளிநிழல்

சுமைக்கணக்கு அவர்களின் எண்களோடு எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அவர் சொல்லும் வழியில் போனால் முடிவில் கிடைப்பது ஆக்‌ஷன் கேமராவில் மட்டும் எடுக்கப்பட்ட படம். ஒன்றரை மணி நேரம் ஒருவரை உட்கார வைக்க அது போதுமா என்பதே என் கேள்வி.

ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் மிக அகலமானது. எதிரே நிற்கும் பெருமலை அதில் சிறு மேடாகிவிடும். மனித முகம் சட்டத்தின் ஓரத்துக்கு வந்தால் இழுபட்டுத் தெரியும். எல்லாம் ஒரே கூர்மையில் இருப்பதால், எதைப் பார்க்க வேண்டும் என்று பார்வையாளரின் கண்ணுக்குச் சொல்ல வழியில்லை. ஒளி குறைந்த நேரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கேமராக்கள் நடுக்கத்தை மின்னணு முறையில்தான் சரிசெய்கின்றன, அதாவது ஒவ்வொரு படச்சட்டத்தையும் நகர்த்தி அதன் ஓரங்களை வெட்டுகின்றன. பகலில் ஷட்டர் வேகம், அதாவது ஒளிவாயில் திறந்து மூடும் வேகம், மிகுதியாக இருப்பதால் ஒவ்வொரு சட்டமும் தெளிவாக இருக்கும், திருத்தமும் அழகாக வரும். அந்தியில் ஷட்டர் மெதுவாகும்போது ஒவ்வொரு சட்டத்துக்குள்ளேயே அசைவின் மங்கல் பதிந்துவிடுகிறது. சட்டத்தை நகர்த்துவதால் அந்த மங்கல் போகாது. நிலையாக நிற்கும் காட்சி ஒவ்வோர் அடிவைப்புக்கும் மங்கி மங்கித் தெளியும். நெடுநடையின் மிக அழகான பொழுதுகள் விடியலும் அந்தியுமே என்பதை நடந்தவர் அனைவரும் அறிவர்.

ஏ6700-இல் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டருக்கு 15.6 மில்லிமீட்டர். சிறு கேமராக்களில் 1 அங்குல சென்சார் என்று விற்கப்படுவது 13.2-க்கு 8.8. பரப்பில் முன்னது மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. அந்தி வெளிச்சத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஆகவே நான் சொல்வது இது. 70-350 லென்ஸ், ஜிம்பல், டிரோன், கனமான முக்காலி ஆகிய நான்கையும் விட்டுவிடுங்கள். கேமராவையும் 18-50 லென்ஸையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து 783 கிராம்தான். அதைப் பைக்குள் வைக்காமல், தோள்பட்டைப் பட்டையில் பொருத்தும் கிளிப்பில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நடந்துகொண்டே எடுப்பதற்குப் பதிலாக நின்று எடுங்கள். நின்று, மூச்சைச் சீராக்கி, பத்து வினாடி அசையாமல் பிடித்த ஒரு காட்சி, ஜிம்பலில் மிதக்கும் பத்துக் காட்சிகளைவிடத் தொகுப்பில் மிகுதியாகப் பயன்படும். வெயிலில் ஷட்டரை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு அருகே நிறுத்த ஒரு என்டி வடிகட்டி (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) வேண்டும். ஒளிக்குறைப்பின் அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய வகை ஒன்றே போதும்.

பாதைப்புழுதி

ஒரே ஒரு கேள்வி. கைப்பேசியே ஏன் போதாது? இப்போதைய கைப்பேசிகள் 4கே பதிவை நன்றாகவே செய்கின்றன, தனியாக எடை கிடையாது, தொலைநோக்கு லென்ஸும் உள்ளேயே இருக்கிறது.

சுமைக்கணக்கு

பாதைப்புழுதி அவர்களே, படத்தரத்தை மட்டும் பார்த்தால், கைப்பேசி போதும் என்றே நானும் சொல்வேன். தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. தனியாக நடப்பவருக்கு வரைபடமும் அதுவே, அவசர அழைப்பும் அதுவே, ஊரில் பணம் செலுத்துவதும் அதுவே. கேமராவைக் கல்லின் மேல் நிறுத்தி அது சரிந்து உடைந்தால் படம் போகும். அது கைப்பேசியாக இருந்தால் வழியும் சேர்ந்து போகும். மேலும், மழையில் நனைந்த தொடுதிரை விரலையும் துளியையும் வேறுபடுத்தி அறியாது, கையுறை போட்ட கைக்கும் அது பணியாது. கைப்பேசியை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்வதே சரி. நெடுநடைக்காரர் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிகாட்டியோ செயற்கைக்கோள் செய்திக் கருவியோ தனியாக வைத்திருந்தாலும், கைப்பேசியின் கடைசிக் கால்பங்கு மின்சாரத்தைப் படமெடுக்கப் பயன்படுத்துவதில்லை என்று தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஒளிநிழல் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்ன அந்திப்பொழுதின் சிக்கல் உண்மை. ஆனால் முப்பதாம் நாள் மாலை ஆறு மணிக்கு, கால் கொப்புளத்தோடு, தண்ணீர் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் வடிகட்டியைத் திருகி, குவியத்தைச் சரிசெய்து படமெடுப்பாரா? எடுக்கப்படாத காட்சிக்குச் சென்சார் அளவு ஒரு பொருட்டல்ல.

செவிப்புலன்

இதுவரை ஒலியைப் பற்றி யாரும் பேசவில்லை. நெடுவழியன் அவர்களின் பட்டியலிலும் மைக் கடைசி வரியில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பிறர் எடுத்துவரும் பயணக் காட்சிகளுக்கு ஒலி திருத்தித் தருபவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: மங்கலான காட்சியை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், காற்று அறையும் பேச்சைப் பொறுப்பதில்லை. மங்கிய காட்சிக்கு மேல் நல்ல குரலை வைத்தால் அது நினைவு போல ஒலிக்கும். காற்றில் சிதைந்த குரலுக்குத் தொகுப்பு மேசையில் மருந்தே இல்லை. மைக்கின் சவ்வைக் காற்று அதன் எல்லைவரை தள்ளிவிட்ட அந்தக் கணத்தில் குரல் பதிவாகவே இல்லை, ஆகவே மீட்பதற்கு அங்கே எதுவும் இருப்பதில்லை.

சட்டைக் காலரில் குத்தும் சிறு மைக், அதன்மேல் நீண்ட மயிர் உறை. மலைக்கு இவ்வளவு போதும். நுரை உறை அறைக்குள் மட்டுமே உதவும். மயிர் உறை மட்டுமே காற்றின் வேகத்தைத் தன் இழைகளுக்குள் உடைத்து அமைதியான ஒரு சிறு வெளியை உண்டாக்குகிறது. அது எளிதில் கழன்று விழுந்து தொலையும் என்பதால் நூலால் கட்டிவையுங்கள், கூடுதலாக ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில்லா மைக் வாங்கினால், ஒலியை அனுப்புவதோடு தன்னுள்ளேயும் பதிவு செய்துகொள்ளும் வகையை வாங்குங்கள். அவை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்து போகும் காட்சியில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். உள்பதிவு இருந்தால் கவலையில்லை. 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்யும் கருவியாக இருந்தால் ஒலி அளவைச் சரிபார்க்கும் வேலையும் மிச்சம். கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே பதிவில் இருந்தாலும் பின்னால் இரண்டையும் சமன் செய்துகொள்ளலாம்.

கருவியைவிடப் பழக்கமே இங்கே பெரிது. பேசும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், உங்கள் உடலே முதல் தடுப்பு. ஒவ்வொரு முகாமிலும் ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் அவ்விடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். ஓடையும் பூச்சியும் கூடாரத் துணியின் படபடப்பும் இல்லாமல் தொகுப்பாளரால் இரண்டு காட்சிகளை ஒட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் கூடாரத்துக்குள் படுத்தபடி அன்றைய நாளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ஒற்றைத் தடத்தில் 48 கிலோஹெர்ட்ஸ், 16-பிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 346 எம்பி மட்டுமே ஆகும். 80 இரவுகளும் சேர்ந்து 5 ஜிபியைத் தாண்டாது. வீட்டுக்குத் திரும்பி வந்து மைக் முன் அமர்ந்து படிக்கும் வருணனையில், அன்றிரவு உங்கள் குரலில் இருந்த களைப்பு இருக்காது. உங்கள் படத்தின் முதுகெலும்பு அந்த இரவுப் பதிவுகளாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நெடுவழியன்

அனைவருக்கும் நன்றி. இரவுப் பதிவு என்ற எண்ணம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கேள்விகள். பாதையின் நடுப்பகுதியில் பத்து நாட்கள் வரை இரவில் உறைநிலைக்குக் கீழே போகும், அதற்கு முன் மழைக்காடு. கருவிகளைக் காப்பது எப்படி? இரண்டாவது, பதிவுகளைப் பாதுகாப்பது. மடிக்கணினி கொண்டுபோவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

பனிமுகடு

குளிரில் மின்கலத்துக்குள் நடக்கும் வேதிவினை மெதுவாகிறது, அதன் உள்தடை கூடுகிறது. 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கேமரா திடீரென அணையும். மின்சாரம் எங்கும் போய்விடவில்லை, சூடாக்கினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆகவே பகலில் கூடுதல் மின்கலங்களை உடலோடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்து, கேமராவில் இருப்பதோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இரவில் மின்கலம், பவர் பேங்க், கைப்பேசி, தண்ணீர் வடிகட்டி எல்லாம் உறக்கப் பைக்குள் உங்களோடு உறங்கட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. லித்தியம் அயனி மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே வைத்து நிரப்பக்கூடாது. அந்த வெப்பநிலையில் லித்தியம் மின்முனைக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. இழந்த கொள்ளளவு திரும்பாது, உள்ளே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) நேரவும் வாய்ப்புண்டு. விடியற்காலையில் கூடாரத்துக்கு வெளியே பவர் பேங்கையும் கேமராவையும் இணைத்து வைப்பது அதனால்தான் தவறு. முதல் நாள் மாலையே, கருவிகள் சூடாக இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள்.

ஈரத்துக்கு வருவோம். குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான குடிலுக்குள் கொண்டுபோனால் லென்ஸின் உள்ளேயும் வெளியேயும் நீர் படியும். நுழைவதற்கு முன் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறந்தால் நீர் பையின்மேல் படியும். நீர்த்தடையின் தர எண்களையும் அறிந்துகொள்ளுங்கள்: ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆக்‌ஷன் கேமராவான கோப்ரோ ஹீரோ 12 உறையில்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை போகும். டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 போன்ற, சிறு ஜிம்பல் தலையோடு வரும் கேமராக்கள் 179 கிராம் எடையில் 1 அங்குல சென்சாரைத் தருகின்றன என்றாலும், அவற்றுக்கு நீர்த்தடை இல்லை, மின்கலத்தைக் கழற்றி மாற்றவும் இயலாது. மழைக்காட்டில் பல நாட்கள் தொடர்ந்து நடக்கும் உங்களுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு சிறு செய்தி. கைப்பேசியின் யூஎஸ்பி துளைக்குள் ஈரம் இருந்தால் அது மின்சாரத்தை ஏற்க மறுக்கும். எல்லாம் நனைந்த நாளின் முடிவில் இது கடுமையான தொல்லை. துளைக்கு ஒரு ரப்பர் மூடி இருந்தால் நல்லது.

இருபிரதி

பாதுகாப்புப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் இழந்திருக்கிறேன். ஒரு நீண்ட நடையின் 22 நாள் பதிவுகள் ஒரே நினைவக அட்டையில் இருந்தன. ஆற்றைக் கடக்கும்போது பையின் பக்கப் பையிலிருந்து அந்தச் சிறு பெட்டி நழுவியது. அந்த 22 நாட்களுக்கு இன்று என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

முதலில் அளவு. வினாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு நிமிடத்துக்கு 450 எம்பி. நாளுக்கு 25 நிமிடம் என்றால் 11.25 ஜிபி, 80 நாட்களுக்கு 900 ஜிபி. 100 மெகாபிட் வேகத்துக்கு அதே கணக்கு 1,500 ஜிபி ஆகும். எந்த வேகம் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்து, பிறகு மாற்றாதீர்கள். வினாடிக்கு எத்தனை சட்டங்கள் என்பதையும் அப்படியே. 25 என்றால் 80 நாளும் 25.

அட்டைகள் வி30 தரத்தில் இருக்கட்டும். வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்ற உறுதி அது, மேலே சொன்ன இரண்டு வேகங்களுக்கும் தாராளமாகப் போதும். 60 மெகாபிட் வேகம் என்றால், ஒரே பெரிய அட்டைக்குப் பதிலாக 128 ஜிபி அட்டைகள் எட்டு வாங்குங்கள். கைப்பேசியில் நேரடியாக இணையும் சிறு எஸ்எஸ்டி சேமிப்புக் கருவி ஒன்று, 60 கிராமுக்குள் கிடைக்கும். இரவில் அட்டை வாசிப்பானை இணைத்து அன்றைய பதிவுகளைக் கைப்பேசி வழியாக எஸ்எஸ்டிக்குப் படியெடுங்கள். 11 ஜிபிக்குச் சில நிமிடங்களே ஆகும். படியெடுத்த பின் இரண்டு மூன்று கோப்புகளையாவது திறந்து பாருங்கள், முதலிலும் நடுவிலும் கடைசியிலும். அட்டையை அழிக்காதீர்கள். நிரம்பிய அட்டையை ஊருக்கு வரும்போதெல்லாம் உறையிலிட்டு வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அது போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வரும்வரை எஸ்எஸ்டியில் இருக்கும் படியைத் தொடாதீர்கள். எஸ்எஸ்டியும் அட்டைகளும் ஒரே பையில் இருந்தால் அவை இரண்டு படிகள் அல்ல. ஒன்று உங்கள் உடலோடும் மற்றது முதுகுப் பையிலும் இருக்க வேண்டும்.

எல்லாக் கருவிகளிலும் தேதியையும் நேரத்தையும் ஒன்றாக அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு காலையும் முதல் காட்சியில் நாள் எண்ணையும் இடத்தின் பெயரையும் வாயால் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் ஆயிரக்கணக்கான கோப்புகளை அடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

நடைக்கோல்

தனியாக நடப்பவருக்கு இன்னொரு கணக்கைச் சொல்ல வேண்டும். கேமராவை நிறுத்திவிட்டு அதன் முன்னால் நடந்து போகும் காட்சி வேண்டுமென்றால், 100 மீட்டர் நடந்து, திரும்பி வந்து கேமராவை எடுத்துக்கொண்டு, அதே 100 மீட்டரை மீண்டும் நடக்க வேண்டும். அதாவது ஒரு காட்சிக்கு 200 மீட்டர் கூடுதல் நடை. நாளுக்கு இப்படிப் பத்துக் காட்சி எடுத்தால் 2 கிலோமீட்டர், 80 நாட்களில் 160 கிலோமீட்டர். உங்கள் வேகத்தில் அது எட்டு நாள் நடை! ஏற்றப் பாதையில் இது இன்னும் கடுமை. ஆகவே நாளுக்கு மூன்று போதும் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். கேமரா வலப்புறமிருந்து இடப்புறம் போவதைப் பார்க்கிறதா, பின்னாலிருந்து பார்க்கிறதா, கீழிருந்து பார்க்கிறதா என்று மாற்றி எடுங்கள்.

1.2 கிலோ முக்காலிக்குப் பதிலாக, நடைக்கோலின் மேல் பொருந்தும் திருகாணித் தலை ஒன்றும் உள்ளங்கை அளவு முக்காலி ஒன்றும் போதும். இரண்டும் சேர்ந்து 120 கிராமுக்குள் முடியும். பெரும்பாலான கேமராக்கள் கால் அங்குலத் திருகைத்தான் ஏற்கின்றன.

டிரோனைப் பற்றி ஒளிநிழல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நெடும்பாதைகள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட காடுகள் வழியே போகின்றன, அங்கே பல இடங்களில் டிரோனுக்கு அனுமதி இல்லை. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் 2014 முதலே தடை உள்ளது. 250 கிராமுக்குக் குறைந்தால் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று சில நாடுகள் தரும் சலுகையை, எங்கும் பறக்கவிடலாம் என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பாதை முழுவதும் சுமந்து இரண்டு இடங்களில் மட்டும் பயன்படுத்துவதற்கு 800 கிராம் மிக அதிகம். பறவைகள் முட்டையிடும் பருவத்தில் அவற்றுக்கு அது தரும் அச்சத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒளிநிழல்

நெடுவழியன் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் இருவரில் யார் சொல்வதையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரண்டு கேமராக்களையும் எடுத்துக்கொண்டு, முழுச் சுமையோடு நான்கு நாள் நடந்து பாருங்கள். ஆக்‌ஷன் கேமராவை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். எதை எத்தனை முறை கையில் எடுத்தீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். அந்த எண் என் கருத்துக்கு எதிராக வந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நெடுவழியன்

ஒளிநிழல் அவர்கள் சொன்னபடி நான்கு நாள் நடந்துவிட்டு நேற்றுத் திரும்பினேன். ஏ6700 தோள்பட்டைக் கிளிப்பில் இருந்தது, இரவல் வாங்கிய 154 கிராம் ஆக்‌ஷன் கேமரா இடுப்புப் பையில்.

முதல் நாள் பெரிய கேமராவை 11 முறை எடுத்தேன், சிறியதை 5 முறை. இரண்டாம் நாள் 7, 9. மூன்றாம் நாள் பிற்பகல் முழுவதும் மழை பெய்ததால் பெரியது பையின் அடிக்குப் போய்விட்டது. நான்காம் நாள் பெரியதை ஒருமுறை, சிறியதை 14 முறை. பெரியதில் எடுத்த காட்சிகள் அழகானவை என்பதில் ஐயமே இல்லை. முதல் நாள் அந்தியில் எடுத்த ஒரு காட்சியை இன்னொன்றால் எடுத்திருக்கவே முடியாது. ஆனால் மூன்றாம் நாள் ஒரு சரிவில் வழுக்கி விழுந்து, எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கழுவிக்கொண்டே பேசியது முழுவதும் சிறியதில்தான் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்தபோது, நான் எடுக்க நினைத்த படம் இதுதான் என்று தோன்றியது. நான்கு நாளில் இப்படிப் போனால் நாற்பதாம் நாள் எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒளிநிழல் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், பெரியதை வீட்டில் விட்டுச் செல்கிறேன். அந்தியில் மட்டும் நடந்துகொண்டே எடுக்காமல், சிறியதை முக்காலியில் நிறுத்தி நடுக்கத் திருத்தத்தை அணைத்துவிட்டு எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். தொலைவில் உள்ள காட்சிகளுக்குக் கைப்பேசி.

மின்சாரத்தில் சுமைக்கணக்கு அவர்களின் எண் ஏறத்தாழச் சரியாக இருந்தது. பெரிய கேமராவை நீக்கிப் பார்த்தால் நாளுக்கு 13 வாட்மணி செலவாகியிருக்கிறது. இரவுப் பதிவை நான்கு இரவும் செய்தேன். முதல் இரவு என்ன பேசுவது என்று தெரியாமல் மூன்று நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், நான்காம் இரவு 18 நிமிடம் போனது. மயிர் உறை இரண்டாம் நாளே கழன்று விழுந்தது, நல்லவேளையாக நூலால் கட்டியிருந்தேன்.

இப்போதைய பட்டியல்: கேமரா 154 கிராம், இரண்டு கூடுதல் மின்கலங்கள் 70, உள்பதிவு செய்யும் மைக்கும் உறைகளும் 60, சிறு முக்காலியும் நடைக்கோல் தலையும் 120, பவர் பேங்க் 350, எஸ்எஸ்டி 58, சார்ஜரும் இரண்டு கேபிள்களும் அட்டை வாசிப்பானும் 150. மொத்தம் 962 கிராம். எட்டு அட்டைகளும் வந்துவிட்டன. 1 முதல் 8 வரை எண் எழுதி ஒட்டி, வீட்டு முகவரி எழுதிய உறைகளோடு அடுக்கி வைக்கும் வேலையை இன்றிரவு தொடங்குகிறேன்.